8051-இல் எல்லாமே ‘மூவ்’ என்றால், 30 என்பது எண்ணா முகவரியா என்று சிப்புக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: இசிஇ_மாணவன்

வணக்கம். பாலிடெக்னிக்கில் இசிஇ படிக்கிறேன். போன செமஸ்டர் 8085 மைக்ரோப்ராசஸர், இந்த செமஸ்டர் 8051 மைக்ரோகண்ட்ரோலர். 8085-இல் பெரிய குழப்பம் இருந்ததில்லை. எண்ணை நேரே போட எம்விஐ, மெமரியிலிருந்து எடுக்க எல்டிஏ என்று பெயரே வேறு வேறாக இருக்கும். 8051-க்கு வந்தால் எல்லாமே மூவ் (எண்ணின் கடைசியில் வரும் எச், அது ஹெக்ஸ் எண் என்பதன் குறி; ஏ என்பது அக்யுமுலேட்டர், ஆர்0 இன்னொரு ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடம்):

மூவ் ஏ, #30எச்
மூவ் ஏ, 30எச்
மூவ் ஏ, ஆர்0
மூவ் ஏ, @ஆர்0

30எச் முகவரியில் 55எச் போட்டு, ஆர்0-இல் 30எச் போட்டு, நான்கையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அக்யுமுலேட்டரில் வரிசையாக 30, 55, 30, 55 வந்தது. விடை சரிதான். ஆனால் காரணம் புரியவில்லை. சிப்புக்குள் போவது வெறும் 0-உம் 1-உம்தான். ‘#’ உள்ளே போவதில்லை, ‘@’ உள்ளே போவதில்லை. அப்படியானால் வரும் 30 என்பது எண்ணா, முகவரியா என்று அது எதை வைத்து முடிவு செய்கிறது?

நோட்ஸில் இம்மீடியட், ரெஜிஸ்டர், டைரக்ட், இன்டைரக்ட், இம்ப்ளைடு என்று ஐந்து பெயர், பெயருக்கு ஓர் உதாரணம். அதோடு முடிந்துவிட்டது. மனப்பாடம் செய்துவிட்டேன். வைவாவில் உதாரணத்தை மாற்றிக் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.

பதில்: ஹெக்ஸ்பேட்

அசெம்ப்ளர் (நம் வரிகளை எண்களாக மாற்றும் புரோகிராம்) தரும் லிஸ்ட் ஃபைலைத் திறந்து பாருங்கள் தம்பி. நீங்கள் எழுதிய நான்கு வரியும் இப்படி மாறியிருக்கும்:

74 30
ஈ5 30
ஈ8
ஈ6

முதல் பைட் நான்கிலும் வேறு. நமக்குத்தான் நான்கும் ‘மூவ்’. சிப்பைப் பொறுத்தவரை அவை தொடர்பே இல்லாத நான்கு கட்டளைகள். ‘#’ உள்ளே போகவில்லை என்றீர்களே, போயிருக்கிறது: 74 ஆவதா ஈ5 ஆவதா என்பதை முடிவு செய்தது அதுதான்.

பதில்: லேப்_8085

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. ஐந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போகிற மாணவர்களுக்கு நடுவே, “சிப்புக்கு எப்படித் தெரியும்” என்று கேட்பவருக்கு உட்கார்ந்து விளக்க எனக்கு ஆசையாக இருக்கும். நான் ஒரு பாலிடெக்னிக்கில் மைக்ரோப்ராசஸர் லேப் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

மேலே சொன்ன பதில் சரி. அதை ஒரு படி மேலே கொண்டு போவோம். 8051-இல் ஆட் கட்டளையின் ஆப்கோடுகளை, அதாவது கட்டளையைக் குறிக்கும் முதல் பைட்டுகளைப் பாருங்கள். ஆட் ஏ, #எண் என்றால் 24. ஆட் ஏ, முகவரி என்றால் 25. @ஆர்0-க்கு 26, @ஆர்1-க்கு 27. ஆர்0 முதல் ஆர்7 வரை 28 முதல் 2எஃப். இப்போது மற்ற கணக்குக் கட்டளைகளை எடுங்கள். ஏஎன்எல்: 54, 55, 56, 57, 58 முதல் 5எஃப். எக்ஸ்ஆர்எல்: 64, 65, 66, 67, 68 முதல் 6எஃப். சப்பி: 94, 95, 96, 97, 98 முதல் 9எஃப்.

இடது இலக்கம் ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. வலது இலக்கம் ‘எங்கே தேட வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. 4 என்றால் அடுத்த பைட்டே எண். 5 என்றால் அடுத்த பைட் ஒரு முகவரி. 6, 7 என்றால் ஆர்0, ஆர்1-க்குள் இருக்கும் முகவரி. 8 முதல் எஃப் வரை என்றால் ரெஜிஸ்டரே. அட்ரஸ்ஸிங் மோடு என்று புத்தகம் சொல்வது அந்த வலது நான்கு பிட்டைத்தான். வேறு எங்கேயும் அது ஒளிந்திருக்கவில்லை.

மூவ் மட்டும் இந்த வரிசையில் கொஞ்சம் விலகும். மூவ் ஏ, முகவரி என்பது ஈ5. அதே கணக்கில் மூவ் ஏ, #எண் என்பது ஈ4 ஆக வேண்டும், ஆனால் ஈ4 கிளியர் ஏ-க்குப் போய்விட்டது. ஒரு பைட் #எண் வரும் மூவ்கள் எல்லாம் 7-ஆம் வரிசையில் இருக்கின்றன: 74 ஏ-க்கு, 75 முகவரிக்கு, 76, 77 @ஆர்0, @ஆர்1-க்கு, 78 முதல் ரெஜிஸ்டர்களுக்கு. அங்கே வலது இலக்கம் எண் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அர்த்தம் அதேதான், பக்கம்தான் மாறியிருக்கிறது. டேட்டா ஷீட்டில் 16-க்கு 16 கட்டமாக ஆப்கோடு அட்டவணை இருக்கும். அதை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள், இடமிருந்து வலமாக அல்ல. நெடுவரிசைகள்தான் மோடுகள்.

8085-க்கும் இதே கதைதான். மூவ் கட்டளையின் பிட் அமைப்பு: முதலில் 01, பிறகு மூன்று பிட் போய்ச் சேரும் இடம், பிறகு மூன்று பிட் எடுக்கும் இடம். பி 000, சி 001, டி 010, ஈ 011, எச் 100, எல் 101, எம் 110, ஏ 111. மூவ் ஏ, பி என்பது 01 111 000, அதாவது 78. மூவ் ஏ, எம் என்பது 01 111 110, அதாவது 7ஈ. ஏழு ரெஜிஸ்டருக்கு எட்டு எண் இருந்ததால், மிஞ்சிய 110-ஐ ‘எச்எல் காட்டும் மெமரி இடம்’ என்று வைத்துக்கொண்டார்கள். எம் என்று ஒரு ரெஜிஸ்டர் சிப்பில் கிடையாது. அந்த 110 வந்தால் சிப் வெளியே போய் வர வேண்டும், அவ்வளவுதான். மூவ் எம், எம் என்பதற்கு அர்த்தம் இல்லை, அதனால் அந்த 76-ஐ எச்எல்டி என்ற நிறுத்தக் கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அந்த ஒரு பிட் அமைப்பை வீணாக்காமல் யோசித்திருக்கிறார்கள்.

சரி, இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். ‘உதாரணத்தை மாற்றினால் பெயர் தெரியவில்லை’ என்கிறீர்கள். நான் மாணவர்களிடம் பெயரைக் கேட்பதில்லை. ஒரே கேள்விதான் கேட்பேன்: ஆப்கோடு எடுத்த பிறகு, முகவரி பஸ்ஸில் (மெமரிக்கு முகவரியைக் கொண்டு போகும் கோடுகளில்) முகவரியை வைப்பது யார்? இதற்கு விடை தெரிந்தால் மோடின் பெயர் தானாக வந்துவிடும்.

8085-இல் புரோகிராம் 4100-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மூவ் ஏ, பி: 4100-ஐ பிசி (அடுத்து படிக்க வேண்டிய முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுண்ட்டர்) பஸ்ஸில் வைக்கிறது, 78 வருகிறது. அதோடு சரி. வேறு யாரும் எதையும் வைக்கவில்லை. ஒரு மெஷின் சைக்கிள் (பஸ்ஸில் ஒருமுறை போய் வருவது), 4 டி-ஸ்டேட் (கிளாக் துடிப்பு). இது ரெஜிஸ்டர் மோடு.

எம்விஐ ஏ, 42எச்: பிசி 4100-ஐ வைக்கிறது, 3ஈ வருகிறது. பிசி 4101-ஐ வைக்கிறது, 42 வருகிறது, நேரே அக்யுமுலேட்டருக்குப் போகிறது. இரண்டு மெஷின் சைக்கிள், 7 டி-ஸ்டேட். ஆப்பரண்டுக்கு, அதாவது கட்டளை கையாளும் மதிப்புக்கு, முகவரி வைத்தது பிசி. இது இம்மீடியட்.

மூவ் ஏ, எம்: பிசி 4100-ஐ வைக்கிறது, 7ஈ வருகிறது. இப்போது எச்எல் தன்னிடம் இருக்கும் முகவரியை பஸ்ஸில் வைக்கிறது, அங்கே இருப்பது வருகிறது. இதுவும் இரண்டு மெஷின் சைக்கிள், 7 டி-ஸ்டேட். வைத்தது ஒரு ரெஜிஸ்டர் ஜோடி. இது ரெஜிஸ்டர் இன்டைரக்ட்.

எல்டிஏ 4200எச்: பிசி மூன்று முறை வைக்கிறது. 4100-இல் 3ஏ, 4101-இல் 00, 4102-இல் 42. கீழ் பைட் முதலில் வரும் என்பது தெரிந்திருக்கும். இந்த இரண்டு பைட்டையும் சிப் எங்கே வைத்துக்கொள்கிறது? நமக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத டபிள்யூ, இசட் என்ற இரண்டு தற்காலிக ரெஜிஸ்டர்கள் உள்ளே இருக்கின்றன. 00 இசட்டுக்கு, 42 டபிள்யூவுக்கு. நான்காவது முறை பஸ்ஸில் முகவரியை வைப்பது இந்த டபிள்யூ-இசட் ஜோடி. 4 + 3 + 3 + 3, ஆக 13 டி-ஸ்டேட். இது டைரக்ட்.

எல்டிஏஎக்ஸ் பி வந்தால்? வைப்பது பி, சி என்ற ரெஜிஸ்டர் ஜோடி, புரோகிராம் கவுண்ட்டர் அல்ல. எனவே இன்டைரக்ட். பெயரில் ‘எல்டிஏ’ இருப்பதால் டைரக்ட் என்று எழுதி மார்க் இழப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள். கட்டளைப் பெயரான மெனிமானிக்கைப் பார்த்து மோடு சொல்லாதீர்கள், பஸ்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். உங்கள் லேபில் 8085 கிட்டும் இரண்டு சேனல் ஆஸிலாஸ்கோப்பும் இருந்தால், கேட்டு ஒரு மதியம் வாங்கிக்கொள்ளுங்கள். எல்டிஏ 4200எச் எழுதி, அடுத்த வரியில் 4100-க்கு ஜம்ப் போடுங்கள். முடிவில்லாமல் ஓடட்டும். 8085-இன் 30-ஆம் கால் ஏஎல்இ, பஸ்ஸில் முகவரி வந்திருக்கிறது என்று சொல்லும் சிக்னல். ஒவ்வொரு மெஷின் சைக்கிள் தொடக்கத்திலும் அது ஒருமுறை உயரும். எல்டிஏ-வுக்கு 4, ஜம்புக்கு 3, ஆக 7 துடிப்பு, பிறகு அதே அமைப்பு திரும்ப வரும். கிட்டில் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் சிப் உள்ளே அதில் பாதி வேகத்தில் ஓடும். 13-உம் 10-உம் சேர்த்து 23 டி-ஸ்டேட், சுமார் 7.5 மைக்ரோசெகண்ட். அளந்து பாருங்கள், வரும்.

எல்டிஏ-வை எடுத்துவிட்டு எம்விஐ ஏ போட்டால் 5 துடிப்பு. மூவ் ஏ, எம் போட்டாலும் அதே 5 துடிப்பு, அதே 17 டி-ஸ்டேட். அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இங்கேதான் சுவாரசியம். எச்எல்-இல் 4200 வையுங்கள். இரண்டாவது சேனலை 22-ஆம் காலில் வையுங்கள், அது ஏ9. 41 என்ற மேல் பைட்டில் அந்த பிட் 0, 42-இல் அது 1. புரோகிராம் பைட்டுகளைப் படிக்கும்போது ஏ9 தாழ்ந்திருக்கும். எச்எல் வந்து முகவரி வைக்கும் அந்த ஒரு சைக்கிளில் மட்டும் உயரும். எம்விஐ-யில் அது உயரவே உயராது. ஆப்கோடு எடுக்கும் சைக்கிளின் நான்காவது டி-ஸ்டேட்டில் மேல் முகவரிக் கோடுகளில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் 32-ஆம் காலில் இருக்கும் ரீட் சிக்னல் தாழ்ந்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இதை 8051-இல் செய்ய முடியாது. உள் ரேமைத் தொடும் கட்டளைகள் வெளி பஸ்ஸுக்கு வருவதே இல்லை, ஏஎல்இ-யும் அங்கே வேறு கணக்கில் ஓடும். அதனால்தான் உங்கள் 8051 கேள்விக்கு 8085-ஐ வைத்து விடை சொல்கிறேன். பழைய சிப், தன் வேலையை எல்லாம் கால்களில் காட்டிவிடும்.

ஏன் இத்தனை மோடு வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். 4200-இலிருந்து பத்து எண்களைக் கூட்டும் புரோகிராமை எல்டிஏ மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். எல்டிஏ-வின் முகவரி கட்டளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த எண்ணுக்குப் போக வேண்டுமானால் இன்னொரு எல்டிஏ எழுத வேண்டும். பத்து எண்ணுக்குப் பத்து எல்டிஏ. நூறு எண்ணுக்கு? லூப்புக்குள் போக முடியாது. இன்டைரக்ட் மோடில் முகவரி ரெஜிஸ்டரில் இருப்பதால் அதை ஒன்று கூட்டினால் போதும்:

4100: 21 00 42 (எல்எக்ஸ்ஐ எச், 4200எச்)
4103: 0ஈ 0ஏ (எம்விஐ சி, 0ஏஎச்)
4105: ஏஎஃப் (எக்ஸ்ஆர்ஏ ஏ: ஏ-யை 0 ஆக்கு)
4106: 86 (ஆட் எம்)
4107: 23 (ஐஎன்எக்ஸ் எச்)
4108: 0டி (டிசிஆர் சி)
4109: சி2 06 41 (ஜேஎன்இசட் 4106எச்: 0 ஆகவில்லை என்றால் 4106-க்குத் தாவு)
410சி: 32 00 43 (எஸ்டிஏ 4300எச்)
410எஃப்: 76 (எச்எல்டி)

லூப்பின் ஒரு சுற்று 7 + 6 + 4 + 10, ஆக 27 டி-ஸ்டேட். கூட்டல் 255-ஐத் தாண்டாத எண்களாகப் போடுங்கள், கேரியை இதில் சேமிக்கவில்லை. ஐஎன்எக்ஸ் எச் எந்த ஃபிளாக்கையும் (விடையின் நிலையைக் காட்டும் பிட்டையும்) தொடாது, டிசிஆர் சி-தான் ஜீரோ ஃபிளாக்கை மாற்றும். அந்த வரிசையிலேயே வைத்தால் ஜேஎன்இசட் பார்ப்பது சி-யின் நிலையை என்பது உங்களுக்கே தெளிவாக இருக்கும்.

இந்தப் பதினாறு பைட்டுகளுக்கும் எதிரே, பஸ்ஸில் முகவரி வைப்பது யார் என்று சைக்கிள் சைக்கிளாக எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதி இங்கேயே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

பதில்: மீட்டர்போர்டு

லேப்_8085 மேடம் சொன்னதோடு 8051 பக்கத்திலிருந்து ஒன்று. ஃபர்ம்வேர் எழுதுவதும் போர்டு பழுது பார்ப்பதும் என் வேலை. மோடு மாறினால் இடமே மாறிவிடும் என்பதை இந்த சிப்பைப் போல எதுவும் காட்டாது.

8051-இல் உள் ரேம் 128 பைட். 8052 வகையில், உதாரணமாக ஏடி89எஸ்52-இல், 256 பைட். ஆனால் 80எச்-லிருந்து எஃப்எஃப்எச் வரை உள்ள முகவரிகள் ஏற்கெனவே போர்ட், டைமர், சீரியல் போன்ற சிறப்பு ரெஜிஸ்டர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கூடுதல் 128 பைட் ரேமுக்கும் அதே முகவரிகளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரே எண், இரண்டு இடம். எதைத் தொடுவது என்பதை மோடு தீர்மானிக்கிறது. டைரக்ட் மோடில் போனால் சிறப்பு ரெஜிஸ்டர். @ஆர்0, @ஆர்1 வழியாகப் போனால் ரேம்.

மூவ் 90எச், ஏ என்பது எஃப்5 90. இது போர்ட் 1-க்கு எழுதுகிறது, ஏனெனில் போர்ட் 1-இன் முகவரி 90எச். ஆர்0-இல் 90எச் வைத்துவிட்டு மூவ் @ஆர்0, ஏ என்றால் எஃப்6. இது ரேமில் எழுதுகிறது, போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு போர்டு என் மேசைக்கு வந்தது. சீரியலில் டேட்டா வரும்போதெல்லாம் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டது. ரிலே, டிரான்சிஸ்டர், பவர் சப்ளை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை. 51-க்கு எழுதிய புரோகிராமை 52-க்குக் கொண்டு வரும்போது, வந்த பைட்டை வைக்கும் பஃபரை 90எச்-க்கு நகர்த்தியிருந்தார்கள். எழுதுவது மட்டும் பழையபடி டைரக்ட் மோடில். வந்த பைட் ஒவ்வொன்றும் போர்ட் 1-க்குப் போய்க்கொண்டிருந்தது. ரிலே அந்தப் போர்ட்டில்தான் இருந்தது. எஃப்5-ஐ எஃப்6 ஆக்கி, ஆர்0-ஐ ஏற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும் ரிலே அமைதியாகிவிட்டது.

சி-யில் எழுதுபவர்களுக்கும் இது உண்டு. கெயில் கம்பைலரில் ஒரு மாறியை ‘டேட்டா’ என்று அறிவிப்பதற்கும் ‘ஐடேட்டா’ என்று அறிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: முதலாவது டைரக்ட் மோடில் எட்டும் 128 பைட், இரண்டாவது இன்டைரக்ட் மோடில் எட்டும் 256 பைட். ஸ்டாக்கை எஸ்பி (ஸ்டாக் பாயிண்ட்டர்) சுட்டுகிறது, அதுவும் இன்டைரக்ட்தான். அதனால் 52-இல் ஸ்டாக்கை மேல் 128-க்குத் தாராளமாகக் கொண்டு போகலாம்.

இன்னொன்று. 8051-இல் மூவ் ஆர்1, ஆர்2 எழுதிப் பாருங்கள், அசெம்ப்ளர் ஏற்காது. அப்படி ஒரு ஆப்கோடே கிடையாது. ஆனால் ரெஜிஸ்டர்கள் ரேமின் அடியிலேயே இருக்கின்றன. ஆர்0 முதல் ஆர்7 வரையிலான தொகுதிக்கு பேங்க் என்று பெயர்; முதலாவதான பேங்க் 0-வில் ஆர்2-இன் முகவரி 02எச். மூவ் ஆர்1, 02எச் என்றால் ஏ9 02, வேலை முடிந்தது. ஒரே ஆர்2-வை ரெஜிஸ்டர் மோடிலும் தொடலாம், டைரக்ட் மோடிலும் தொடலாம். பேங்க் மாற்றினால் மட்டும் 02எச் பழைய இடத்திலேயே நிற்கும், ஆர்2 என்ற பெயர் நகர்ந்துவிடும். இன்டரப்ட் ரொட்டீனில் பேங்க் மாற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதில்: பழையகணினி

லேப்_8085 எழுதியதில் எம்விஐ-யும் மூவ் ஏ, எம்-உம் ஒரே நேரம் எடுக்கின்றன, முகவரி வைப்பவர்தான் வேறு என்று ஓர் இடம் வருகிறது. அந்த எண்ணத்தை முழுதாக எடுத்துக்கொண்ட கணினி ஒன்று உண்டு. டெக் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்த பிடிபி-11.

அதில் ஒவ்வொரு ஆப்பரண்டுக்கும் ஆறு பிட். மூன்று பிட் மோடு, மூன்று பிட் ரெஜிஸ்டர். எட்டு மோடு, எட்டு ரெஜிஸ்டர். எட்டாவதான ஆர்7-தான் புரோகிராம் கவுண்ட்டர். இம்மீடியட் என்று தனி மோடு அதற்குக் கிடையாது. மோடு 2 என்பது ‘ரெஜிஸ்டர் காட்டும் இடத்திலிருந்து எடு, பிறகு ரெஜிஸ்டரை நகர்த்து’. அதில் ரெஜிஸ்டராக ஆர்7-ஐப் போட்டால், கட்டளைக்கு அடுத்து இருக்கும் சொல் வந்துவிடும், பிசி-யும் அதைத் தாண்டிவிடும். அதுதான் இம்மீடியட். மூவ் #5, ஆர்0 என்பது ஆக்டலில் 012700, அடுத்து 000005. அந்த 27-ஐப் பாருங்கள்: மோடு 2, ரெஜிஸ்டர் 7.

லூப்பில் முகவரியை நகர்த்துவது பற்றி: முதல் கணினிகளில் இந்த வசதி இல்லை. 1949-இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக்கில் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் கிடையாது. புரோகிராமே தன் கட்டளைக்குள் இருக்கும் முகவரியைக் கூட்டி, திருத்தி எழுதிக்கொண்டு சுற்றியது. அதே ஆண்டு மான்செஸ்டர் மார்க் 1-இல் பி-லைன் என்ற ரெஜிஸ்டரை வைத்தார்கள். அதன் மதிப்பு கட்டளையின் முகவரியோடு கூட்டப்படும், கட்டளையைத் தொட வேண்டாம். இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் தொடங்கிய இடம் அது. தம்பி, உங்கள் எல்டிஏ-வை ஈப்ரோமில் (ஓடும்போது படிக்க மட்டுமே முடிகிற மெமரியில்) எரித்துவிட்டால் புரோகிராமால் அதைத் திருத்தவே முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள், பி-லைனின் அருமை தெரியும்.

கேள்வியாளர்: இசிஇ_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. மேடம், ஸ்கோப் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் எழுதிவிட்டேன்.

4100: பிசி, பிசி, பிசி. இரண்டு பைட்டும் எச்எல்-க்கே போகின்றன, இம்மீடியட்.
4103: பிசி, பிசி. இம்மீடியட்.
4105: பிசி மட்டும். ரெஜிஸ்டர்.
4106: பிசி, எச்எல். இன்டைரக்ட்.
4107, 4108: பிசி மட்டும். ரெஜிஸ்டர்.
410சி: பிசி, பிசி, பிசி, டபிள்யூ-இசட். டைரக்ட்.
410எஃப்: பிசி மட்டும். இம்ப்ளைடு.

4109-இல்தான் நின்றுவிட்டேன். ஜேஎன்இசட் 4106எச். இரண்டு பைட் முகவரி இருப்பதால் எங்கள் நோட்ஸில் டைரக்ட் என்று இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் பிசி, பிசி, பிசி என்றுதான் வருகிறது. 4106-இல் இருக்கும் 86-ஐ இந்தக் கட்டளை எடுக்கவில்லையே. அது அடுத்த கட்டளையின் ஆப்கோடு ஃபெட்ச் அல்லவா? அப்படியானால் இது இம்மீடியட்டா?

அப்புறம் 8086-இல் பிஎக்ஸ் + எஸ்ஐ என்று இரண்டு ரெஜிஸ்டரைக் கூட்டுவது எதற்கு என்று சீனியர் ஒருவர் கேட்டார். அதையும் சொல்ல முடியுமா?

பதில்: பழையகணினி

8086-ஐ நான் சொல்கிறேன். மாணவர் பட்டியல் ஒன்று மெமரியில் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஐந்து பாட மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்-இல் அந்த மாணவரின் பதிவு தொடங்கும் இடம், எஸ்ஐ-யில் எத்தனையாவது பாடம். இரண்டையும் கூட்டினால் மார்க் இருக்கும் இடம். அடுத்த மாணவருக்கு பிஎக்ஸ்-ஐ மட்டும் நகர்த்தினால் போதும். அதோடு ஒரு நிலையான எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம், பதிவின் தொடக்கத்தில் பெயர் இருந்தால் அதைத் தாண்டுவதற்கு.

இந்தக் கூட்டல் இலவசம் அல்ல. 8086-இல் பிஎக்ஸ் தனியாக வந்தால் முகவரி கணக்கிட 5 கிளாக், பிஎக்ஸ் + எஸ்ஐ-க்கு 7, நிலையான எண்ணும் சேர்ந்தால் 11. பிஎக்ஸ்-க்குப் பதில் பிபி வந்தால் டேட்டா செக்மெண்டை விட்டு ஸ்டாக் செக்மெண்டுக்குப் போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள். எந்தக் கூட்டு என்பதை ஆப்கோடுக்கு அடுத்த பைட்டின் இரண்டு பிட்டும் மூன்று பிட்டும் சொல்கின்றன. உங்கள் முதல் கேள்விக்கு இங்கேயும் விடை அதே.

பதில்: லேப்_8085

தம்பி, மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். 4109-இல் நின்றது சரியான இடத்தில் நின்றது.

ஜேஎன்இசட்டுக்கு நான்காவது மெஷின் சைக்கிள் கிடையாது. தாவும்போது 3 சைக்கிள், 10 டி-ஸ்டேட். எல்டிஏ-வில் டபிள்யூ-இசட் பஸ்ஸில் முகவரியை வைத்துப் போய் வேறொன்றை எடுத்து வருகிறது. இங்கே 06, 41 என்ற அந்த இரண்டு பைட்டுகளே பிசி-க்குப் போய்ச் சேர வேண்டிய மதிப்பு. எல்எக்ஸ்ஐ எச் எப்படி எச்எல்-ஐ நிரப்புகிறதோ, ஜம்ப் அப்படி பிசி-யை நிரப்புகிறது. 86-ஐ எடுப்பது அடுத்த கட்டளையின் ஃபெட்ச் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இன்டெலின் 8085 கையேடும் ஜம்புக்கு நேரே இம்மீடியட் என்றுதான் போட்டிருக்கிறது.

நம் ஊர்ப் பாடப் புத்தகங்கள் பலவற்றில் டைரக்ட் என்று இருப்பதும் உண்மை. கட்டளைக்குள் முழு முகவரி எழுதியிருப்பதால் அப்படி வகைப்படுத்துகிறார்கள். எழுத்துத் தேர்வில் உங்கள் சிலபஸ் புத்தகம் சொல்வதை எழுதுங்கள். வைவாவில் கேட்டால், “மூன்று முறையும் பிசி-தான் முகவரி வைக்கிறது, நான்காவது சைக்கிள் இல்லை” என்று சொல்லி, இரண்டு வகைப்பாட்டையும் சொல்லுங்கள். காரணத்தோடு சொன்னால் எந்த எக்ஸாமினரும் மறுக்க மாட்டார்.

எக்ஸ்ஆர்ஏ ஏ-வுக்கு நீங்கள் ரெஜிஸ்டர் என்று எழுதியது சரி. எக்ஸ்ஆரின் ஒரு பக்கம் எப்போதும் அக்யுமுலேட்டர், அந்தப் பக்கத்தை மட்டும் இம்ப்ளைடு என்று சொல்லலாம். ஆப்கோடின் கடைசி மூன்று பிட் 111 என்று இன்னொரு பக்கத்தைத் தனியாகக் குறிக்கிறது.

ஸ்கோப் கிடைத்ததும் ஜேஎன்இசட்டைத் தாவாத நிலையிலும் ஒருமுறை பாருங்கள். அப்போது 7 டி-ஸ்டேட், இரண்டே ஏஎல்இ துடிப்பு. தாவப் போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் 8085 கடைசி பைட்டைப் படிக்காமலே தாண்டி, நேரே 410சி-க்குப் போய்விடும். பழைய 8080 அங்கே மூன்று பைட்டையும் படித்துவிட்டுத்தான் போகும். அலைவடிவத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.